முந்தாநாள் அலை

நம் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். புரோகிராம் எழுதுகிறவனுக்கு வேண்டிய நல்ல பழக்கங்கள் என்று தலைப்பும் கொடுத்தார்கள். அந்தத் தலைப்பை நான் வைத்துக்கொள்ளவில்லை. நல்ல பழக்கம் எதையும் நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். அது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

போன மாதம் உங்கள் அறைக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர் ஆசையாகத் தன் புரோகிராமைத் திறந்து காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஓர் இடத்தில், பிழை வந்தால் அதைப் பிடித்து, உள்ளே ஒரு வரிகூட எழுதாமல் மூடியிருந்தார். அதாவது பிழை வரும், யாருக்கும் தெரியாது, புரோகிராம் சிரித்த முகத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். ஏன் என்று கேட்டேன். கஸ்டமர் கண்ணில் எரர் படக் கூடாது சார் என்றார். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். வயதாகிவிட்டதால் அல்ல, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும் என்பதால்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம், 2005. நிவாரண வேலைக்கு வந்த ஓர் அமைப்பு, பாண்டிச்சேரிக்கு வடக்கே கடலோரம், எக்கியார்குப்பத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில் ஒரு மீனவர் குப்பத்தில் தகவல் மையம் திறந்தது. ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், கூரைக்கு மேலே கம்பத்தில் கட்டிய இரண்டு ஸ்பீக்கர். தினமும் சாயங்காலம் டெலிபோன் லைன் வழியாக ஒரு ஃபைல் வரும். மறுநாள் அலை எத்தனை மீட்டர், காற்று எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று மூன்று நம்பர் அதில் இருக்கும். என் புரோகிராம் அந்த ஃபைலை இறக்கி, அன்றைய தேதி போட்டு, பெரிய எழுத்தில் திரையில் காட்டும். ஆறு மணிக்கு அதை மைக்கில் படிப்பார்கள். அந்தக் கடல் அவர்களைத் தூக்கி அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தலைமுறையாகக் கடலைப் பார்த்தே முடிவு செய்தவர்கள் அப்போது தங்கள் கண்ணைவிட ஸ்பீக்கரை நம்பினார்கள். அந்தப் பயத்தின் மேல்தான் என் புரோகிராம் உட்கார்ந்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை. எனக்கு அது நூற்றைம்பது வரி வேலை.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மெட்ராஸில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவன் என்ற திமிர் இருந்தது. மையத் திறப்பு விழா அன்று ஃபைல் வரவில்லை. வந்த விருந்தாளிகள் முன்னால் திரையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று எரர் என்று குதித்தது. அமைப்பின் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றே புரோகிராமின் தலையில் ஒரு வரி சேர்த்தேன். ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். அந்தக் கால விஷுவல் பேசிக் தெரிந்தவர்களுக்குப் புரியும். தவறு நடந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். அதன்பிறகு பெட்டி குதிக்கவே இல்லை. எல்லாருக்கும் சந்தோஷம்.

கெட்ட பழக்கம் சோம்பேறித்தனத்தில் வருவதில்லை. அவமானத்தில் வருகிறது. நாலு பேர் முன்னால் அசிங்கப்பட்டவன் அடுத்த முறை தவறைத் திருத்த மாட்டான், மறைப்பான். உங்களைத் திட்டுகிற மேலாளர் கிடைக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கில் படித்தது அந்தக் குப்பத்துப் பெண் ஒருவர். பத்தாவது படித்தவர். முப்பது வயது இருக்கும். சீசன் நாட்களில் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர், மையம் வந்ததும் இங்கே சேர்ந்தார். குப்பம் முழுக்க அவரை மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டது. பேர் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. திரையில் வருவதை அப்படியே படிக்க மாட்டார். முதலில் வாசலில் இருக்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார். பக்கத்தில் நேற்றைய நம்பர் அழியாமல் இருக்கும். இரண்டையும் பார்த்த பிறகுதான் மைக்கைத் தொடுவார். கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு நாள். மழை ஆரம்பித்து உப்பளமெல்லாம் வெள்ளத்தில் கிடந்தது. நான் மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவேன், திண்டிவனத்தில் தங்குவேன். அன்றைக்கு வேலையை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திரையில் முக்கால் மீட்டர் என்று இருந்தது. அவர் பலகையில் எழுதினார். எழுதிவிட்டு நின்றார்.

"சார், நேத்தும் இதே முக்கால்தான். காத்தும் அதே. திசையும் அதே."

"ரெண்டு நாள் கடல் ஒரே மாதிரி இருக்கக் கூடாதாம்மா?"

"இருக்கலாம் சார். மூணும் அப்படியே இருக்குதே. பாத்தியில தண்ணி ஒரு நாளைக்கு நகத்தளவாவது எறங்கும். எறங்காம நேத்து மாதிரியே நின்னா எங்கயோ உடைப்பு, வெளித் தண்ணி உள்ள வருதுன்னு அர்த்தம். நாங்க வரப்பச் சுத்தி வந்து பார்ப்போம்."

"இது உப்பளம் இல்ல, கம்ப்யூட்டர். படிங்க."

இதைத்தான் நான் சொன்னேன். இருபது வருடமாகியும் ஒரு எழுத்து மறக்கவில்லை. வரப்பைச் சுற்றி வந்து பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஃபைல் மேல் மவுஸை வைத்தால் தேதி தெரிந்திருக்கும். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் மைக்கை ஆன் செய்து, நாளைக்கு அலை முக்கால் மீட்டர் என்று இரண்டு முறை படித்தார். அதைக் கேட்டுத்தான் அன்று சாயங்காலம் போய் வலை போட்டுவிட்டு வந்தார்கள், காலையில் போய் எடுக்கலாம் என்று.

மறுநாள் காலை ஏழரைக்கு வந்தேன். காற்று பெரிதாக இல்லை. ஆனால் அலை கரைக்கு வருகிற விதம் எனக்கே பிடிக்கவில்லை. அவசரமில்லாமல், நீளமாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக எழுந்து வந்தது. மணலில் மூன்று ஃபைபர் போட் நின்றன. முதல் போட்டின் விளிம்பில் மூன்று பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஏழுமலை, மைக்கக்காவின் கணவர்.

"இன்னா சார், காலங்காத்தால வந்துட்ட? உன் கம்ப்யூட்டர் தூங்கலையா?" என்றார்.

சிரித்துவிட்டு மையத்துக்குள் போனேன். வேறு எதற்கோதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஃபைலின் தேதி கண்ணில் பட்டது. முந்தாநாள். நேற்று சாயங்காலம் மழையில் லைன் செத்திருக்கிறது. ஃபைல் வரவில்லை. என் புரோகிராம் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய், பழைய ஃபைலைத் திறந்து, அதன் தலையில் புதுத் தேதியைப் போட்டுக் காட்டியிருக்கிறது. நான் சொன்னதைத்தான் அது செய்தது.

செல்போனில் மேலாளரைக் கூப்பிட்டேன். அலுவலகத்துக்கு வேறு வழியில் சரியான நம்பர் நேற்றே வந்திருந்தது. இரண்டரை மீட்டருக்கு மேல். தேடிப் பார்த்துச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. மற்ற நேரமெல்லாம் அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து வரப்போகிறவர்களைப் பற்றிப் பேசினார். ஒரு மையத்தில் ஒரு தவறு என்று வெளியே தெரிந்தால் எல்லா மையத்தையும் மூடச் சொல்வார்கள் என்றார்.

"டெக்னிக்கல் ப்ராப்ளம்னு மட்டும் சொல்லு. பழைய நம்பரைப் படிச்சோம்னு வாயைத் திறக்காத. புரியுதா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா என்று யோசித்தேன். வேலை போய்விடுமா என்று யோசித்தேன். எப்படிச் சொன்னால் என் பேர் கெடாது என்று வாக்கியம் கோத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் வெளியே ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று ஒரு முறை ஒருவரிடம் பொய் சொல்லியிருக்கிறேன், இங்கே அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்.

மைக்கக்கா உள்ளே வந்தார்.

"பெருசுங்கள்லாம் கடலு ஒரு மாதிரி இருக்குதுன்னு சொல்லுது சார். எங்க வூட்டுக்காரரு, நீதானடி முக்கால்னு படிச்ச, அப்புறம் இன்னான்னு போட்ட எறக்கிட்டாரு. இன்னைக்கு நம்பர் இன்னா?"

சொன்னேன். நேற்று படித்தது எது என்பதையும் சொன்னேன். அவர் நேராகப் போய் மைக்கை ஆன் செய்து என் கையில் கொடுத்தார்.

"நேத்து என் வாயால சொல்ல வச்சீங்க. இன்னைக்கு உங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். நேற்றுச் சொன்னது முந்தாநாள் நம்பர், இன்றைக்கு இரண்டரை மீட்டர், யாரும் போகாதீர்கள், தவறு என்னுடையது. கோத்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. மணலில் இருந்த மற்ற இரண்டு போட்டும் நின்றன. ஏழுமலையின் போட் அலை உடைகிற இடத்தைத் தாண்டியிருந்தது. எஞ்சின் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது. ஒருவன் லுங்கியை மூங்கிலில் கட்டி ஆட்டினான். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்களுக்குப் புரிகிறதா? நான் பிழை செய்தது முதல்நாள். அது புரோகிராமின் பிழை. எல்லாரும் செய்வார்கள். அந்த ஐந்து நிமிடம் புரோகிராமின் பிழை இல்லை. தெரிந்த அந்த நொடியில் நான் மைக்கைத் தொட்டிருந்தால் ஏழுமலை டீ குடித்து முடித்திருப்பார், அவ்வளவுதான். தவறு தெரிந்த பிறகு நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நிமிடமும் வேறு யாருடைய நிமிடமோ.

எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை கரையில் நின்றேன். மேலாளர் போன் செய்து உடனே கிளம்பி வந்துவிடு, அடி விழும் என்றார். போகவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். குப்பமே நின்றது. யாரும் என்னை அடிக்கவில்லை. பேசினார்கள். எனக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள்.

"இந்தக் கம்ப்யூட்டர்காரன ஒரு போட்ல ஏத்தி அனுப்புங்கடா. அலை எத்தினி மீட்டருன்னு அளந்துட்டு வரட்டும்."

"டேய், அவன அனுப்பினா அதுலயும் முந்தாநாள் அலையத்தாண்டா அளந்துட்டு வருவான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மைக்கக்கா சிரிக்கவில்லை. அவர் தண்ணீர் ஓரத்தில், புடவை நனைய, கண்ணுக்கு மேல் கையை வைத்து நின்றுகொண்டே இருந்தார். ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை. அதற்குள் காற்றும் ஏறிவிட்டது. கடல் பழுப்பாகிவிட்டது.

பதினொன்றுக்கு போட் தெரிந்தது. வலையை வெட்டிவிட்டு வெறும் போட்டாக வந்தார்கள். அலை உடைகிற இடத்துக்கு வெளியே வெகு நேரம் நின்றார்கள், நல்ல அலைக்காகக் காத்திருந்தார்கள். ஒரு அலையை விட்டார்கள். இன்னொன்றை விட்டார்கள். மூன்றாவதில் வந்தார்கள். பாதியில் போட் குறுக்கே திரும்பி, தூக்கி, கவிழ்ந்தது. கரையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் கயிற்றோடு பாய்ந்தார்கள். இரண்டு தலை தெரிந்தது. மூன்றாவது தலை தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஏழுமலையை இழுத்துக்கொண்டு வந்து மணலில் போட்டார்கள். உயிர் இருந்தது. போட்டின் விளிம்பு அடித்து வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டாக மடிந்திருந்தது. மீன் ஏற்றுகிற வேனில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் பிழைத்தார், நடக்கிறார். ஆனால் ஆடுகிற போட்டில் நின்று வலை இழுக்க அந்தக் கால் தாங்கவில்லை. கடலுக்குப் போவது அன்றோடு நின்றது.

ஒரு வாரம் ஸ்பீக்கர் பேசவில்லை. நான் புரோகிராமைத் திருத்தினேன். அந்த வரியை எடுத்தேன். ஃபைல் இன்றைக்கு வராவிட்டால், இன்று தகவல் இல்லை என்று பெரிய எழுத்தில் வரும்படி செய்தேன். மேலாளர் அந்த வாசகத்தை எடுக்கச் சொன்னார். நாலு நாளைக்கு ஒரு தரம் தகவல் இல்லை என்று சொன்னால் மையம் எதற்கு என்றார். எடுக்க மாட்டேன், வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். என்னை வைத்துக்கொண்டார். என்மேல் மரியாதை எல்லாம் இல்லை, வேறு ஆள் கிடைக்கவில்லை.

திருத்திய புரோகிராமை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மையம் திறந்திருந்தது, மைக்கக்கா உள்ளே இருந்தார். வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். சரியான நம்பரைப் படித்திருந்தால் தன் கணவர் போயிருக்க மாட்டார், அதனால் நம்பர் வேண்டும் என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்புறம் சார். ஒயரப் புடுங்குங்க, பார்க்கறேன்."

டெலிபோன் ஒயரைப் பிடுங்கினேன். இன்று தகவல் இல்லை என்று வந்தது. மாட்டச் சொன்னார். பாதி இறங்கும்போது பிடுங்கச் சொன்னார். இன்று தகவல் இல்லை. நடுவில் கரண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்டு, அவரே மெயினை அணைத்துப் போட்டார். சரியாக வந்தது. எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. வந்த நிம்மதி முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அங்க இருந்து அனுப்பறவங்களே மறதியா நேத்து ஃபைல மறுபடி அனுப்பினா?"

நான் யோசித்திருக்கவில்லை. செய்து பார்த்தோம். ஃபைல் இன்றைக்கு வந்ததுதானே என்று, பழைய நம்பரைப் புதுத் தேதியோடு அழகாகக் காட்டியது. முக்கால் மீட்டர்.

அவர் அந்த நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதுங்க."

மூன்று மணி நேரம் ஆனது. என் வாழ்நாளில் என் வேலையை அப்படி யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்ததில்லை. ஒரு வரி புரோகிராம் தெரியாத பெண். உடைப்பு எங்கெல்லாம் வரும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான். உங்களிடம் டெஸ்ட் செய்வதற்கு இன்று ஆயிரம் சாமான் இருக்கிறது. ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிற புத்தி அந்தச் சாமானுக்குள் இல்லை. உங்களுக்கு வேண்டும். மூன்று நம்பரும் நேற்றைப்போலவே இருந்தால் திரை சிவப்பாகி, கேட்டுவிட்டுப் படிக்கவும் என்று சொல்கிற வரி அன்றைக்கு எழுதியதுதான். அவருடைய வரி அது.

ஆறு மணி ஆயிற்று. லைன் நன்றாக இருந்தது, ஃபைல் வந்தது. ஒன்றேகால் மீட்டர். அவர் பலகையில் எழுதினார். நான் ஃபைலின் தேதியைப் பார்த்தேன், பலகையில் முந்தைய நாள் நம்பர் இல்லாததால் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். படிக்கலாம் என்றேன். அவர் மைக்கை எடுத்தார். எடுத்தவர் ஆன் செய்யாமல் என்னைப் பார்த்தார்.

"நீங்க வெளிய போங்க சார். போட்டு நிக்கற எடத்துல நின்னு கேளுங்க."

போனேன். வலையை மடித்து வைத்துவிட்டு ஏழெட்டுப் பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரமாக யாரும் கடலுக்குப் போகவில்லை. நான் அவர்கள் நடுவில் நின்றேன். ஸ்பீக்கர் கரகரத்தது. என் நம்பர் மேலேயிருந்து வந்து என் தலையில் விழுந்தது. உள்ளே திரையில் அது வெறும் நம்பர். அங்கே நின்று கேட்டபோது அது அலை.

அவர்களில் வயதான ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னா சார், போலாமா?"

போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது என்று ஒரு கணம் தேடினேன்.

"நம்பர் இன்னைக்கு வந்ததுதாங்க. நான் பார்த்துட்டேன். கடல நீங்க பாருங்க" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.